முத்தே என்றாள் என் மகள்

என் மகள் பேசிய முதல் வார்த்தை என் பெயர்தான் என்று நான் நம்பினேன்.

இப்போதே சிரிக்காதீர்கள். முழுசாகப் படித்துவிட்டுச் சிரியுங்கள். நாற்பத்தைந்தைத் தாண்டிய பிறகு அப்பனாகிறவனுக்கு இந்த மாதிரி நம்பிக்கைகள் வரத்தான் செய்யும். மூட்டுவலி, சர்க்கரை வரிசையில் அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

என் பெயர் முத்துக்குமரன். பாப்பிரெட்டிப்பட்டியில் சின்னதாக ஒரு போட்டோ ஸ்டுடியோ. முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. திருவிழாக் காலத்தில் பட்டிமன்றம் பேசப் போவேன். ஊர்க்காரர்கள் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, ஒரு சால்வையும் போர்த்தி அனுப்புவார்கள்.

அன்றைக்குப் பாப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதல் பிறந்த நாளுக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. காலை வெயில் அவள் தலைமுடியின் நுனியில் மட்டும் பட்டுக்கொண்டிருந்தது. நான் கிண்ணத்தை வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து கெஞ்சிக்கொண்டிருந்தேன். திடீரென்று தெளிவாகச் சொன்னாள்:

"முத்தே!"

கிண்ணம் கையிலிருந்து நழுவியது. முத்து என்று சொல்லத்தான் வாய் எடுத்திருக்கிறாள், கொஞ்சம் பிசகிவிட்டது. முகம் மட்டும் பக்கத்து வீட்டுச் சமையலறைப் பக்கம் இருந்தது. அப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிட வெட்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

என் மனைவி செல்வி பொம்மிடியில் பள்ளிக்கூட டீச்சர். ஸ்கூட்டரை வெளியே தள்ளிக்கொண்டிருந்தவளை நிறுத்திச் சொன்னேன்.

"பெத்த அப்பனைப் பேரு சொல்லிக் கூப்படற புள்ளைய இப்பதாங்க பாக்கறேன்" என்றாள்.

"நீ ஒரு நாளும் கூப்புட்டதில்ல. அந்தக் குறைய அவ தீத்து வெக்கறா."

அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். உள்ளேயிருந்து குரல் வந்தது. "சொமந்தவ நானு. அம்மான்னு ஒரு வார்த்த வரல. முத்தாம், முத்து."

அவளுக்குப் பொறாமை. எனக்கோ உள்ளுக்குள் பரம திருப்தி. ஏனென்றால் அதற்கு முன்னால் பல வாரங்களாக அந்த வீட்டில் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்த ஒரே ஆள் நான்தான்.

மிக்ஸிக் குடும்பம்

அந்தப் பொறாமையைச் சொல்வதற்கு முன்னால் என் பயத்தைச் சொல்ல வேண்டும்.

பாப்பாவுக்குக் கூழும் கஞ்சியும் பழகிய புதிதில் ஒரு நாள் துணிந்து ஓர் இட்லித் துண்டைக் கொடுத்தேன். வாயில் போட்டாள். "உவ்" என்றாள். முகம் சிவந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது.

எனக்கு அவ்வளவுதான். பாப்பாவைத் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு, செருப்பில்லாமல், கட்டிய லுங்கியோடு ஆஸ்பத்திரியை நோக்கி ஓடினேன். டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். பாதி வழியிலேயே அவள் இட்லியை விழுங்கிவிட்டாள் போலிருக்கிறது. உலகம் தலைகீழாகத் தெரிகிற சந்தோஷத்தில் கெக்கெக்கே என்று சிரித்துக்கொண்டே வந்தாள். அதை வலிப்பு என்று நினைத்து நான் இன்னும் வேகமாக ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் பாப்பாவை வாங்கிப் பார்த்தார். "கொழந்தைக்கு ஒண்ணுமில்ல சார். நீங்க மொதல்ல உக்காருங்க" என்று எனக்கு பிரஷர் பார்த்தார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மிக்ஸி ஓயவில்லை. இட்லியா, அரை. கேரட்டா, அரை. பருப்புச் சோறா, ரெண்டு தடவை அரை. வாழைப்பழத்தைக்கூட அரைத்தேன். எதைப் போட்டாலும் கடைசியில் ஒரே நிறத்தில், கொத்தனார் சுவர் பூசுகிற பதத்தில் வந்து நின்றது. நாளாக நாளாக, மிக்ஸி சத்தம் கேட்டாலே பாப்பா உதட்டை உள்ளே இழுத்துக்கொள்ள ஆரம்பித்தாள். கடையடைப்பு அன்றைக்கு ஷட்டரை இறக்குகிற மாதிரி.

தர்மபுரியில் குழந்தை டாக்டரம்மா எடை பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"போன தடவைக்கு இந்தத் தடவை ஏறவே இல்லியே. இன்னுமா அரைச்சுக் குடுக்கறீங்க? ஒரு வயசு ஆகப்போவுது. நீங்க சாப்புடறதையே, காரம் உப்பு போடறதுக்கு முன்னாடி எடுத்து வெச்சு, கையால மசிச்சுக் குடுங்க."

"பல்லு முன்னாடி மட்டும்தாங்க டாக்டர் இருக்குது."

"ஈறு இருக்குதில்ல? மெத்துன்னு இருந்தா அதுவே மென்னுக்கும்."

"தொண்டையில மாட்டிக்கிட்டா?"

"நேரா உக்கார வெச்சுக் குடுங்க, பக்கத்துலயே இருங்க. பழகற வரைக்கும் உவ்வேன்னு வெளிய தள்ளும். தள்ளிட்டு மறுபடி திங்கும். அதுக்காகத் தலகீழா தூக்கிட்டு ஓடாதீங்க."

என் ஓட்டத்தின் புகழ் தர்மபுரி வரைக்கும் எட்டியிருந்தது. செல்வி வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். அவளைத் தவிர இதை வேறு யார் சொல்லியிருப்பார்கள்?

திரும்பி வரும் பஸ்ஸில் ஒரு சபதம் செய்தேன். பாப்பாவின் முதல் பிறந்த நாளுக்குள், அரைக்காத சாப்பாடு ஒரு வாயாவது அவள் என் கையால் சாப்பிட வேண்டும். எடைக்கு எடையும் ஆச்சு, அப்பனுக்கு மானமும் ஆச்சு.

மசித்த சோறு கொடுத்தேன். ஷட்டர். மசித்த உருளைக்கிழங்கு. ஷட்டர். ஸ்டுடியோவில் எத்தனையோ குழந்தைகளைச் சிரிக்க வைத்த கிலுகிலுப்பையை ஆட்டினேன். சிரித்தாள், வாயைத் திறக்காமல். அப்படியும் ஒரு குழந்தை சிரிக்க முடியும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம்

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் நஞ்சுண்டன். தனியார் பஸ்ஸில் கண்டக்டர். பாலக்கோடு பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். வீட்டுக்குள் அவரும் அவர் மனைவி மாதம்மாவும் கன்னடம் பேசிக்கொள்வார்கள், வாசலுக்கு வந்தால் நம் தமிழ். ஒரே பெண், கட்டிக்கொடுத்தாயிற்று. என் வயதுதான் அவருக்கு, ஆனால் குரல் மட்டும் பஸ்ஸின் பின்படிக்கட்டிலிருந்து டிரைவருக்குக் கேட்கிற குரல்.

பஸ்ஸில் காலை டிரிப்பை முடித்துவிட்டு மத்தியானம் அவர் சாப்பிட வருகிற நேரத்தில், மாதம்மா எங்கள் சுவருக்கு மேலாகக் கையை நீட்டுவார். "குடுங்க அண்ணா, செத்த நேரம் ஆடட்டும்." கடையில் ஆதார் போட்டோவுக்கு ஆள் காத்திருக்கும். நானும் கொடுத்துவிடுவேன்.

ஒரு நாள் பாப்பா திரும்பி வந்தபோது வாயைச் சுற்றிப் பழுப்பாக ஒரு மீசை. தொட்டுப் பார்த்தேன். பிசுபிசுப்பு. முகர்ந்தேன். ராகிக் களி. கன்னத்தில் கீரைக் கடைசல்.

பட்டிமன்றத்தில் பொறாமை என்னும் தலைப்பில் நான் விரிவாகப் பேசியிருக்கிறேன். கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். அதெல்லாம் பொய். வயிற்றெரிச்சல் என்பது பேச்சுக்குச் சொல்வது அல்ல ஐயா. அது ஒரு இடம். நெஞ்சுக்குக் கீழே, தொப்புளுக்குக் கொஞ்சம் மேலே. அன்றைக்கு எனக்கு அங்கே எரிந்தது.

சாயங்காலம் நஞ்சுண்டன் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"என்னாங்க ஸ்டுடியோ, பாப்பாவுக்கு உங்க வூட்டு சாப்பாடு புடிக்கலீங்களா?"

"புடிக்கும், புடிக்கும். இன்னிக்கி கொஞ்சம் சளி."

"எங்க வூட்டுல சளி இல்லீங்களே. பஸ்சுல எத்தினி புள்ளைங்கள பாத்துட்டேன். அழற புள்ள நம்ம கையில வந்தா கம்முனு ஆயிடும். நம்ம கையில ஒரு இது இருக்குதுங்க."

அந்த "ஒரு இது" என்னைத் தூங்க விடவில்லை. என்ன இது? என் கையில் இல்லாத எது அந்தக் கையில் இருக்கிறது?

மறுநாள் பக்கெட்டைக் கவிழ்த்துப்போட்டு மேலே ஏறிச் சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். தெரிந்ததெல்லாம் நஞ்சுண்டனின் அகலமான முதுகு, காக்கிச் சட்டை, கழுத்தில் விசில் கயிறு. பாப்பாவைக் காணோம், அவள் சத்தம் மட்டும் கேட்டது. முதுகுக்கு முன்னால் என்ன நடக்கிறது என்று பார்ப்பதற்காக இன்னும் எக்கினேன். பக்கெட் வழுக்கியது. முட்டி சிராய்த்துக்கொண்டு கீழே கிடந்தபோது எனக்கு ஞானம் பிறந்தது: விசில்!

கடைவீதியில் விசில் வாங்கினேன். மசித்த சோற்றை ஒரு கையில் வைத்துக்கொண்டு ஊதினேன். பாப்பா அலறிய அலறலில் விசில் சத்தமே அமுங்கிப் போனது. வாசலில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. "எங்கங்க போகணும்?" என்று டிரைவர் கேட்டார்.

களியும் நானும்

இங்கே கொஞ்சம் பழைய கதை.

களியோடு எனக்கு ஒரு பகை உண்டு. எங்கள் ஜில்லாவில் களி சாப்பிடத் தெரியாதவன் இல்லை என்பார்கள். நான் இருந்தேன். களியை மெல்லக் கூடாது. கிள்ளி, குழம்பில் தோய்த்து, நாக்கில் வைத்து, அப்படியே இறக்கிவிட வேண்டும். எனக்கோ மெல்லாமல் எதுவும் இறங்காது. மென்றால் களி மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொள்ளும்.

"டேய், அது என்னா முறுக்கா? முழுங்குடா!" என்று அப்பா சத்தம் போடுவார்.

அப்புறம் எங்கள் வீட்டில் கொஞ்சம் வசதி வந்தது. மூன்று வேளையும் அரிசி என்று ஆனது. யாராவது வீட்டுக்கு வந்தால் களிப்பானையைத் துணி போட்டு மூடிய காலமும் போய், களிப்பானையே இல்லாமல் போனது. எல்லோரையும்விட அதிகமாகச் சந்தோஷப்பட்டவன் நான். எனக்குத்தான் இந்தப் பாப்பா பிறந்தாள்.

இதில் டாக்டரம்மாவின் பேச்சையும் சேர்த்துப் பாருங்கள். குழந்தை மெல்லப் பழக வேண்டும் என்கிறார் அவர். குழந்தையோ, மெல்லவே தேவையில்லாத ஒன்றைத் தேடிப் போயிருக்கிறாள், அதுவும் பக்கத்து வீட்டுக்கு. எனக்கு எங்கே எரியும் என்று மேலே சொல்லியிருக்கிறேன்.

ஆதாரம்

இந்த நிலைமையில்தான் "முத்தே" வந்தது. எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சாப்பாடு அங்கே என்றாலும் பிள்ளையின் நாக்கில் இருப்பது என் பெயர்!

போனில் பதிவு செய்தேன். எங்கள் பங்காளி வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பக்கத்து ஊர்த் திருவிழாப் பட்டிமன்றத்தில், குழந்தைகளின் முதல் பேச்சு தாய்மொழியில்தான் இருக்க வேண்டும் என்ற அணியில் நான். போனை மைக்குக்குப் பக்கத்தில் பிடித்தேன். "முத்தே!" என்று என் மகள் ஸ்பீக்கரில் முழங்கினாள். "பார்த்தீர்களா, மம்மி அல்ல, டாடி அல்ல, நல்ல தமிழ்ப் பெயர்!" என்றேன். கூட்டம் கைதட்டியது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வயிறு எரிந்தவனுக்கு அடுத்தவன் வயிறும் எரிய வேண்டும். மறுநாள் சுவரருகே நஞ்சுண்டனைக் கூப்பிட்டேன்.

"பாப்பா பேச ஆரம்பிச்சுட்டா, தெரியுமா? கேளுங்க."

கேட்டார். மறுபடி போடச் சொன்னார். அந்த முகம் எப்போது வாடும் என்று நான் காத்திருந்தேன். அது மலர்ந்துகொண்டே போனது. உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்.

"ஏ மாதம்மா, பா இல்லி! இதக் கேளு வந்து!"

மாதம்மா ஈரக் கையோடு வந்தார். கேட்டார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"என் பேருங்க" என்றேன், பெருந்தன்மையாக.

"உங்க பேருங்களா?" என்றார் மாதம்மா. "முத்தே கேக்குதுங்க அண்ணா அது."

"அதான் நானும் சொல்றேன். முத்து."

"முத்து இல்லீங்க. முத்தே. களி, களி! எங்க வூட்டுல களிய அப்பிடித்தானுங்க சொல்றது. நான் தட்டு வெக்கறப்ப 'முத்தே துன்னலாம் வா'ன்னு கூப்புடுவேன். அதப் புடிச்சுக்கிச்சு."

நஞ்சுண்டன் சுவரைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். "ஸ்டுடியோ, இத மைக்குல வேற போட்டீங்களாமே! எங்க டிரைவரு வந்து சொன்னாரு."

இந்த ஜில்லாவிலேயே பிறந்து வளர்ந்தவன், பென்னாகரம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் இந்த வார்த்தையைக் கேட்டவன்தான் நான். தெரியாமல் இல்லை. மகள் வாயிலிருந்து வந்ததும் காது அடைத்துப் போய்விட்டது, அவ்வளவுதான். என் மகளின் முதல் வார்த்தை என் பெயரும் இல்லை, தமிழும் இல்லை. அடுத்த வீட்டு மொழியில், அடுத்த வீட்டுச் சாப்பாடு.

அன்று மத்தியானமே நான் ஒரு சின்னத்தனம் செய்தேன். மாதம்மா கையை நீட்டியபோது, "பாப்பா தூங்கறா" என்றேன். பாப்பா என் இடுப்பிலேயே உட்கார்ந்துகொண்டு, கண்ணை அகல விரித்து, "முத்தே" என்றாள். மாதம்மா கையை இழுத்துக்கொண்டார்.

சாயங்காலம் செல்வியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். என் பெயர் இல்லை என்று தெரிந்ததும் அவள் முகத்தில் ஒரு பிரகாசம் வந்தது. அதை மறைக்க அவள் பட்ட பாடு!

"அப்பிடின்னா அம்மாவுக்கு இன்னும் எடம் இருக்குது" என்றாள். அப்புறம் கொஞ்சம் இரக்கப்பட்டு, "ராகி மாவு அவங்க வூட்டுக்கு மட்டுமாங்க கெடைக்குது? நீங்களே கிண்டுங்க" என்றாள்.

அடுப்படியில் ஒரு மல்யுத்தம்

மறுநாள் பள்ளிக்குக் கிளம்பும் முன் செல்வி கீரை கடைந்து, பாப்பாவுக்கு உப்பில்லாமல் தனியாக எடுத்து வைத்துவிட்டு, களிக்கும் வழி சொல்லிவிட்டுப் போனாள். கேட்க எளிதாகத்தான் இருந்தது. நொய்யரிசியை வேக விட வேண்டும். மேலே மாவைக் கொட்டி, நடுவே குத்தித் துளை போட்டு வேக விட வேண்டும். பிறகு கட்டையால் கிண்ட வேண்டும்.

கிண்ட வேண்டும் என்ற இரண்டு வார்த்தைக்குள் ஒரு மல்யுத்தமே இருக்கிறது. நான் கட்டையைச் சுற்றினால் பாத்திரம் சேர்ந்து சுற்றியது. பாத்திரத்தைப் பிடித்தால் கட்டை நகரவில்லை. ஆவி முகத்தில் அடித்தது, மூக்குக்கண்ணாடி மங்கியது. கடைசியில் பாத்திரத்தைத் தரையில் இறக்கி, இரண்டு பாதங்களுக்கு நடுவே துணி வைத்து இடுக்கிக்கொண்டு, பல்லைக் கடித்துக் கிண்டினேன். கடையில் யாரோ "சார், பாஸ்போர்ட் சைஸ்!" என்று கூப்பிட்டார்கள். "நாளைக்கு வாங்க!" என்று கத்தினேன்.

வந்தது ஒரு உருண்டை. உருண்டை என்று நான்தான் சொல்ல வேண்டும். அங்கங்கே மாவுக் கட்டி வெள்ளையாகக் கண்ணைத் திறந்து பார்த்தது. ஆற வைத்து, நல்ல இடமாகப் பார்த்துக் கிள்ளி, கீரையில் குழைத்து, பாப்பாவின் வாயருகே கொண்டுபோனேன்.

"பாப்பா, முத்தே!" என்று கன்னடத்திலேயே கெஞ்சினேன்.

ஷட்டர்.

இன்னொரு தடவை. ஷட்டர். மூன்றாவது தடவை என் கையையே தட்டிவிட்டாள். களி பறந்துபோய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. உண்மையாகத்தான் சொல்கிறேன். ஊரைச் சிரிக்க வைக்கிறவன், சமையலறைத் தரையில் களிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தேன். காலையிலிருந்து ஒரு டீயைத் தவிர வேறெதுவும் உள்ளே போகவில்லை. போடி, உனக்கு வேண்டாம் என்றால் எனக்கு வேண்டும் என்று தட்டைக் கால்களுக்கு நடுவே இழுத்துக்கொண்டேன். கிள்ளினேன், தோய்த்தேன், மெல்லாமல் இறக்கினேன். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு முதல் வாய். சூடு தொண்டை வழியாக இறங்கி, எரிந்துகொண்டிருந்த அந்த இடத்திலேயே போய் உட்கார்ந்தது.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். அதுவரை நான் சாப்பிடுவதைப் பாப்பா பார்த்ததே இல்லை. முதலில் அவளுக்கு, அந்தப் போரில் தோற்ற பிறகு, கடையில் நின்றுகொண்டே எதையாவது அள்ளிப் போட்டுக்கொள்வேன். அவளுக்குத் தெரிந்த அப்பா, கிண்ணமும் ஸ்பூனுமாகத் துரத்துகிற அப்பா.

இரண்டாவது வாயை எடுக்கக் குனிந்தேன். தட்டில் இன்னொரு கை இருந்தது.

நான் அசையவில்லை. மூச்சுகூட விடவில்லை. அவள் ஒரு துணுக்கைப் பிய்த்தாள். நசுக்கினாள், பார்த்தாள், வாய்க்குள் தள்ளினாள். "உவ்" என்றாள். என் இரண்டு கையும் அவளைத் தலைகீழாகத் தூக்கப் போயின. தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன். அவள் அதை வெளியே தள்ளி, மறுபடி உள்ளே வைத்து, முன்பற்களுக்குப் பின்னால் ஈறால் மென்றாள். ஆமாம், களியை மென்றாள். என் பிள்ளைதான்.

பிறகு தட்டு எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவானது. நான் எடுத்து நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என்னைப் பார்க்காமல் அவளே எடுத்தால் தின்றாள். பாதி தரைக்கு, கொஞ்சம் தலைமுடிக்கு, மிச்சம் வயிற்றுக்கு. அப்படியே என் மடியில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

வெளியே நஞ்சுண்டன் குரல் கேட்டது. வழக்கம்போலச் சுவருக்கு மேலிருந்து அல்ல, வாசல் வழியாக உள்ளே வந்து நின்றார். காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"நேத்து தூங்குதுன்னீங்களாமே, பாப்பா இன்னிக்காவது எழுந்திரிச்சுதுங்களா? தட்டு வெச்சாச்சு. அதான் கூப்புட்டுப் போலாம்னு."

"சாப்புட்டுட்டா. களி. என் தட்டுல."

அவர் தூங்குகிற பாப்பாவைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், சுவரில் ஒட்டியிருந்ததைப் பார்த்தார்.

"ஊட்டுனீங்களா?"

"இல்ல. அவளே எடுத்துக்கிட்டா."

"எங்க வூட்டுலயும் அப்பிடித்தாங்க" என்றார், கொஞ்சம் இறங்கிய குரலில். "நான் எங்க ஊட்டுனேன். நாங்க துன்னுவோம். அது வந்து கைய வெக்கும்."

நான் ஏதாவது நக்கல் அடித்திருக்கலாம். பல வாரங்களாக அதற்குத்தான் காத்திருந்தேன். பாப்பாவின் தலைமுடியில் ஒட்டியிருந்த களியைக் கிள்ளி எடுத்தேன். "நாளைக்கு அனுப்பறேன்" என்றேன்.

"சரிங்க" என்று போய்விட்டார். அவருக்காக மாதம்மா வைத்திருந்த உருண்டையையும், பாப்பாவுக்கென்று ஓரமாக எடுத்து வைத்திருந்த சின்ன உருண்டையையும் அன்றைக்கு அவரே சாப்பிட்டாராம்.